மச்சானின் துக்கத்தை மாடிக்குச் சுமந்தது

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்தவன். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் கடைக்காரரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன். ஆகவே நான் சொல்வதில் கூட்டல் குறைச்சல் எதுவும் இருக்காது. என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளிடம் கேட்காதீர்கள்.

அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், சலூன் வைத்திருக்கிறான். தெருவில் எல்லோரும் அவனைக் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல நாளில் அவன் கை ஓடும் வேகத்தை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். ஒருமுறை ஒருவர் சலூன் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "கூட்டமா இருக்கா?" என்று கேட்டார். "இல்லையே, வாங்க" என்று இவன் சொல்லி முடிப்பதற்குள் நீட்டிய தலைக்கு வெட்டி முடித்துவிட்டான். மனிதர் உடம்பை உள்ளே கொண்டுவர வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் சலூன் கண்ணாடிமேல் ஒரு நீலத் துண்டைப் போட்டு மூடிவிட்டான்.

யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து மாலைவரை கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற தொழில். அடுத்தவர் தலையைப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் தன் முகமும் தெரிந்தே தீரும். அதைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை. கேட்டவர்களிடம் கண்ணாடியில் கீறல் என்றான். குடி இதற்கு முன்பே வந்ததா, பிறகு வந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. குடித்தால் கை நடுங்கியது. குடிக்காவிட்டால் அதைவிட நடுங்கியது. நீலத் துண்டைப் பார்த்தபடியே முடி வெட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு பக்கம் கனம் கூடிப்போனதால், எங்கள் தெருவில் பாதிப்பேர் தலையைச் சாய்த்தே நடந்தார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் இது இந்தப் பக்கத்து மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் தானும் தலையைச் சாய்த்து வைத்தார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பார்த்தவன்தான். அவன் தன் நல்ல கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும் வரைக்கும்.

அந்தக் கத்தரிக்கோலை யாரும் தொட அவன் விட்டதில்லை. என் மீசையைச் சரிசெய்ய ஒருமுறை கேட்டதற்கு, "உங்க மீசைக்கு இது அதிகம் அத்தான்" என்று சொன்னவன். அன்று அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தான்.

"இத நீங்க வெச்சுக்கங்க. எனக்கு இனிமே வேணாம்."

"என்னடா, புதுசு வாங்கிட்டியா?"

"இல்ல. சும்மாதான்."

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியை வைத்துவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அவன் முகத்தைப் பார்த்து, "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி. நானும் வரேன், இவரும் வருவாரு" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரி இரண்டு தளம். கீழ்த்தளத்தில் குடியை நிறுத்தும் பிரிவு. மாடியில் மனச்சோர்வுப் பிரிவு. நடுவில் ஒரு படிக்கட்டு. பாதி ஏறியதும் திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல், ஒரு பழைய பெஞ்சு, யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்துகொண்டிருந்த ஒரு தொட்டிச் செடி.

கீழே இருந்த டாக்டர் பெரிய உடம்புக்காரர். குழாய் வைத்த சிறு கருவி ஒன்றை நீட்டி எல்லோரையும் ஊதச் சொல்வார். மூச்சில் சாராயம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். மச்சானைப் பத்து நிமிடம் விசாரித்துவிட்டு, "இவருக்குத் துக்கம் ரொம்ப அதிகமா இருக்கு. இங்க எல்லாரும் வட்டமா உட்கார்ந்து பேசணும். இவர் இப்படியே உட்கார்ந்தா மத்தவங்களும் சோர்ந்துடுவாங்க. முதல்ல மாடிக்குப் போய் அதைச் சரிபண்ணிட்டு வாங்க" என்றார்.

மாடிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர், மெதுவாகப் பேசுகிறவர். "குடிச்சுக்கிட்டு இருக்கிறப்ப எது குடியால வந்த சோர்வு, எது நிஜமான சோர்வுன்னு எங்களால பிரிச்சுப் பார்க்க முடியாது. முதல்ல கீழ போய்க் குடியை நிறுத்திட்டு, சில மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

கீழே வந்தோம். மேலே போனோம். அன்று நாங்கள் ஏறிய படிகளைச் சேர்த்து அடுக்கினால் மேகத்தில் கால் வைத்திருக்கலாம். இருவரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாகவே எங்களைப் பந்தாடினார்கள்.

வெளியே வந்ததும் என் மனைவி பொரிந்து தள்ளினாள். "ஒருத்தனுக்குக் கையும் ஒடிஞ்சு காலும் ஒடிஞ்சா, கால் சேர்ந்த பிறகு கைக்கு வான்னா சொல்லுவாங்க?"

மச்சான் கோபப்படவில்லை. வாசல் கம்பியைப் பிடித்தபடி சொன்னான். "விடுக்கா. இருக்கிறதே ரெண்டு வாசல்தான். ரெண்டுலயும் அடுத்ததுக்குப் போங்கிறாங்க. மூணாவது வாசல் தேட எனக்குத் தெம்பு இல்ல."

அதை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான். என் சட்டைப் பையில் அந்தக் கத்தரிக்கோல் இருந்தது. வீட்டில் வைக்க மனம் வராமல் கொண்டு வந்திருந்தேன். அது கனத்தது. எடை விஷயத்தில் நான் தவறுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்கு யோசனை தோன்றினால் என் மனைவி உடனே அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். முன்னெச்சரிக்கை.

"அந்த ஆஸ்பத்திரில ஒரு ஆளுக்கு ஒரு வியாதிதான் பார்ப்பாங்க. இவனுக்கு ரெண்டு வியாதி. அப்ப ஒரு ஆள் குறையுது. அவ்வளவுதானே? அந்த ஆளா நான் போறேன். இன்னிக்குக் கூட வந்த என் மூஞ்சிய யாரும் கவனிக்கல. இவன் குடியை எடுத்துக்கிட்டுக் கீழ போகட்டும். துக்கத்தை நான் எடுத்துக்கிட்டு மாடிக்குப் போறேன்."

"நீங்களா?" என்றான் மச்சான். "எதிர்வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தப்பக்கூட சிரிச்சவராச்சே நீங்க."

"அவர் விழுந்த விதம் அப்படி."

"போங்க அத்தான். உங்க மூஞ்சில துக்கம் ஒட்டாது."

"நீ கத்துக்குடு. ஒட்டுதா இல்லையான்னு பார்ப்போம்."

சட்டப்படி இது சரியா என்று சிலர் கேட்கலாம். எடையளவுச் சட்டம் முழுவதையும் மனதில் புரட்டிப் பார்த்தேன். இதைத் தடைசெய்யும் பிரிவு ஒன்றுகூட இல்லை.

அன்றிலிருந்து காலையில் சலூனைத் திறப்பதற்கு முன் பாடம் நடந்தது. நான் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்வேன். அவன் துண்டு மூடிய கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்வான். அதற்கு முன் அவன் தன் மனதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படி இருக்கிறாய் என்று அக்கா கேட்டால் நல்லாயிருக்கேன் என்பான். இப்போது பேசியாக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் மாடியில் நான் முழிப்பேனே.

"காலைல கண்ணைத் திறந்ததும் எப்படி இருக்கும்? விவரமா சொல்லு, ஒப்பிக்கணும்."

கண்ணாடிமேல் இருந்த துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டான். "வெந்நீர்ல நனைச்ச துண்டு இருக்கில்ல, ஷேவிங்குக்குப் போடுறது. அது ஆறிப்போனா எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஒரு மூட்டை ஈரத்துண்டை யாரோ நெஞ்சு மேல வெச்சிட்டுப் போன மாதிரி. எடுத்து வைக்கத் தெம்பு இருக்காது. ஒரு வாய் ஊத்தினா மூட்டை கொஞ்சம் நகரும்."

"அப்புறம்?"

"சாயங்காலம் ரெண்டு மூட்டையா திரும்பி வரும்."

இதற்கு நான் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. மெதுவாக உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

அவனுக்கும் ஒரு பாடம் வேண்டியிருந்தது. கீழே துக்கம் தெரியக் கூடாதே. சிரித்த முகமாக உட்காரச் சொல்லிக்கொடுத்தேன். அதில் நான் கொஞ்சம் அதிகப்படியாகப் பயிற்சி கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. முதல் நாளே வட்டத்தில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டியிருக்கிறான். கீழ் டாக்டர் இரண்டு முறை ஊதச் சொல்லியிருக்கிறார். குடிக்காத மனிதன் காலை வேளையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அவர் தன் அனுபவத்தில் பார்த்ததில்லையாம்.

மாடியில் என் நிலைமை வேறு. காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் இருந்தவருக்கு, ஒரு மீன் கடைக்காரர் தராசில் பூனையைக் கட்டி வைத்து எடை போட்ட சம்பவத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். நான் சட்டென்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

ஈரத்துண்டு மூட்டையை வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். டாக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சில கேள்விகள் கேட்டார். என்னிடம் அல்ல, மூட்டையிடம் பேசுவதுபோல மெதுவாக. கடைசியில், அடுத்த முறையும் வாருங்கள் என்றார். மருந்து எதுவும் தரவில்லை.

அடுத்த முறை போனபோதுதான் அகப்பட்டேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று, "அழுகை வருமா?" என்றார்.

இது பாடத்தில் இல்லை. "கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றேன்.

"யாரைக் கேட்டு?"

நான் திருதிருவென்று விழித்தேன். "மனசைக் கேட்டு."

"உங்க மனசு இப்ப எங்க இருக்கு?"

"கீழ்த்தளத்துல."

"அங்க என்ன பண்ணுது?"

"ஊதிக்கிட்டு இருக்கு டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஐயா, எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லிக்கிட்டே வந்தவர் நடுவுல நிறுத்தி, 'அப்புறம் என்ன சொன்னான்'னு முணுமுணுத்தீங்க."

"பிறகு எதுக்கு இன்னிக்கும் வரச் சொன்னீங்க?"

"வந்த ஆள்தான் பொய். கொண்டுவந்த துக்கம் நிஜம். அதனால விட மனசு வரல. இப்ப சொல்லுங்க, அது யாரோடது?"

சொன்னேன். இரண்டு வாசல் சங்கதியையும், மூணாவது வாசலுக்குத் தெம்பு இல்லை என்று அவன் சொன்னதையும் சொன்னேன். பிறகு வெள்ளைத் துணியைப் பிரித்துக் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தேன். "இது அவன் உயிரு. இதை எனக்குக் குடுத்துட்டான்."

டாக்டர் அதைப் பார்த்தார். செருப்பைக்கூடக் காலில் சரியாக மாட்டாமல் எழுந்துவிட்டார். "வாங்க, அவர்கிட்டப் போவோம்."

இந்த இடத்தில் நான் மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் மேலிருந்து இறங்க, அதே சமயத்தில் கீழிருந்து பெரிய உடம்புக்கார டாக்டர் மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்தார். நடந்தது இதுதான்: அன்றும் இவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர் மூன்றாவது முறையாக ஊதச் சொல்லியிருக்கிறார். கருவி ஒன்றும் காட்டவில்லை. "குடிக்கவே இல்லையே, பிறகு ஏன்யா இப்படிச் சிரிக்கிறே?" என்று கேட்டிருக்கிறார். சிரிப்பு அப்படியே வழுக்கி விழுந்து, மச்சான் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டான். குடிக்காமல் அழுகிறவனை என்ன செய்வது என்று கீழ்த்தளத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அவரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் நால்வரும் நேருக்கு நேர் நின்றோம். இரண்டு டாக்டர்களும் ஒரே கட்டடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

"இவர் முதல்ல உங்ககிட்ட..." என்று கீழ் டாக்டர் ஆரம்பித்தார். "இல்ல, முதல்ல உங்ககிட்ட..." என்று மேல் டாக்டரும் வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். மச்சான் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"குடி முதல்ல வந்துச்சா, சோர்வு முதல்ல வந்துச்சா?" என்று மேல் டாக்டர் அவனிடம் கேட்டார்.

"தெரியலம்மா. ரெண்டும் கைகோத்துக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்துச்சு."

கீழ் டாக்டர் அந்தத் தொட்டிச் செடியை ஓரமாக நகர்த்தினார். பிறகு பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. "அப்ப சேர்த்தேதான் வெளிய அனுப்பணும்" என்றார். மேல் டாக்டர் மறுமுனையில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலைப் பற்றி அவனிடம் நேராகவே கேட்டார், சுற்றி வளைக்காமல். அவன் அத்தனையையும் சொன்னான். நான் நான்கு படி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒப்பிக்க வேண்டிய வேலை இல்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் அந்தப் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். குடி ஆசையைக் குறைக்க ஒரு மாத்திரை, மனதுக்கு ஒரு மாத்திரை. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாதா என்று டாக்டர்கள் தலையோடு தலை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தனியாக இருக்கும் வேளையில் மனம் கீழே இறங்கினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவனிடமே கேட்டுத் தீர்மானித்தார்கள். அவன் அக்காவைச் சொன்னான். என்னை இரண்டாவதாகச் சொன்னான். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இவனைப் போலவே மேலும் கீழும் பந்தாடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொருவராகப் பெஞ்சைத் தேடி வந்தார்கள். படிகளில் நாற்காலி போட்டார்கள். படி கூட்டுகிற அம்மா, "நான் ஆளுங்களைக் கூட்டுறதா, குப்பையைக் கூட்டுறதா?" என்று சண்டைக்கு வந்தார். பிறகு ஒரு நாள் தன் அண்ணன் மகனையே அங்கு கூட்டிவந்தார். ஒரு கட்டத்தில் கூட்டம் தாங்காமல் படிக்கட்டு ஒரு படி கீழே இறங்கிவிட்டது. நான் அளந்து பார்த்தேன்.

எல்லாம் இப்படியே நேராகப் போயிருந்தால் இந்தக் கதையை நானே நம்ப மாட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சலூனுக்குப் போனால் கதவு பாதிதான் திறந்திருந்தது. உள்ளே மச்சான் வாடிக்கையாளர் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். வாசனை சொல்லிவிட்டது. என் மனைவி ஏற்கெனவே அங்கு வந்திருந்தாள்.

"அவ்வளவுதான் அத்தான்" என்றான். "கீழ்த்தளத்து விதி உங்களுக்குத் தெரியாதா? குடிச்சிட்டு வந்தா வெளிய போ, ஆறு மாசம் கழிச்சு வா. அதக் கேட்க எதுக்குப் போகணும்? இங்கயே இருந்து கேட்டுக்கிறேன்."

"உன்ன வெளிய போன்னு சொல்லட்டும், நான் அங்கயே உட்கார்ந்துடறேன்" என்றாள் அக்கா. "ஆனா சொல்லாம நின்னுடறது மரியாதை இல்ல. எழுந்து மூஞ்சியக் கழுவு."

"அக்கா, முடியாது."

"முடியலைன்னா கழுவாம வா."

கழுவாமலே வந்தான். படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றான். கத்தரிக்கோல் என் பையில் முதல் நாளைப் போலவே கனத்தது. பெஞ்சில் டாக்டர்கள் இருவரும் இருந்தார்கள். இவன் உட்காரவில்லை. நின்றபடியே, "நேத்து குடிச்சிட்டேன்" என்றான். கருவியைக் கீழ் டாக்டர் எடுப்பதற்கு முன்பே வாயைத் திறந்து ஊதத் தயாராக நின்றான்.

கீழ் டாக்டரின் வாய் பழக்கத்தில் திறந்தது. விதி நாக்கு நுனிவரை வந்தது எனக்கே தெரிந்தது. மேல் டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் அந்த விதியை அப்படியே விழுங்கினார். பெரிய விதி போலிருக்கிறது, விழுங்க நேரமாயிற்று. பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காருங்க. ஊத வேணாம், நீங்களே சொல்லிட்டீங்களே. குடிக்கிறதுக்கு முன்னாடி நேத்து என்ன நடந்துச்சு? அங்கிருந்து ஆரம்பிங்க."

மச்சான் உட்கார்ந்தான். நேற்று காலையிலிருந்தே மூட்டை இரண்டாக இருந்ததாகவும், இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்றும், மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்திவிட்டதாகவும் சொன்னான். அதை ஏன் தங்களிடம் சொல்லவில்லை என்று மேல் டாக்டர் கேட்டார். "சொன்னா அனுப்பிடுவீங்களோன்னு" என்றான்.

"அனுப்ப மாட்டோம். நல்லா இருக்கிற நாள்ல மட்டும் வர்றதுக்கு இந்தப் பெஞ்சு எதுக்கு?" என்றார் கீழ் டாக்டர். மேல் டாக்டர் மாத்திரையை மாற்றுவதைப் பற்றிப் பேசினார். அந்த வாரம் செவ்வாயோடு வெள்ளியும் வரச் சொன்னார்கள்.

என் மனைவி படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக வெயில் அடிப்பதாக என்னிடம் சொன்னாள். அந்த ஜன்னலில் வெயில் வராது. நான் ஒத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அவன் ஒரேயடியாக மாறிவிடவில்லை. சில நாள் மூட்டை வரும். வந்தால் சொல்வான். "இன்னிக்கு அரை மூட்டை" என்று அக்காவுக்குப் போன் செய்வான். அவள் போய்ச் சலூனில் உட்கார்ந்து, முடிவெட்ட வருகிறவர்களின் குடும்ப விஷயங்களை விசாரித்துக்கொண்டிருப்பாள். வியாபாரம் கூடியது. தெருவில் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

சென்ற வாரம் ஷேவிங்குக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே என் முகம் தெரிந்தது. பின்னால் அவன் முகமும் தெரிந்தது. நீலத் துண்டு கீழே கொக்கியில் தொங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"துண்டை ஏன்டா எடுத்துட்டே?"

"துவைக்கப் போட்டு எடுத்தேன். திரும்பப் போட மறந்துட்டேன்" என்றான். பொய் சொல்லும்போது அவன் காது சிவக்கும். இப்போது கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தது.

நான் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினேன். "இந்தா. இது எனக்குச் சரிப்பட்டு வரல. மூக்கு முடியை வெட்டலாம்னு எடுத்தேன், பக்கத்து வீட்டுத் தோட்டத்துல ஒரு கிளை விழுந்துடுச்சு. அவ்வளவு கூர்மை."

அவன் துணியைப் பிரித்தான். கத்தரிக்கோலை விரலில் மாட்டி இரண்டு முறை திறந்து மூடினான். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. பிறகு அதை அதன் பழைய இடத்தில், கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் வைத்தான். நான் கேட்காமலே என் மீசை நுனியைப் பார்த்தான்.

"இன்னிக்கு மட்டும் இத வெச்சுச் சரிபண்றேன். பழகிடாதீங்க."

நுரையைத் தடவிவிட்டு ஷேவிங் கத்தியை என் தாடைக்குக் கீழே வைத்தான். கை அசையவே இல்லை. எடையளவு ஆய்வாளராக இதற்கு நான் முத்திரை குத்தித் தருவேன்.

"அத்தான், மேல டாக்டர் உங்கள விசாரிச்சாங்க. அந்த ஐயாவோட துக்கம் இப்ப எப்படி இருக்குன்னு."

"என்னடா சொன்னே?"

"கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அசையாதீங்க" என்றான். "கழுத்துல கத்தி இருக்கு."